பதினைந்தாவது வீடு

டைப்பம்மா வீட்டு முன்னறைக் கதவு காலை ஒன்பது மணிக்குச் சாத்தப்படும். பிற்பகல் இரண்டு மணிக்குத்தான் திறக்கும். இருபத்தாறு ஆண்டுகளில் இந்த ஒழுங்கு பிசகி நான் கண்டதில்லை.

கதவுக்குப் பின்னால் நடந்தது மருத்துவமனை வேலை. மருத்துவர்கள் நோயாளிகளைப் பார்த்து முடித்ததும் தம் குறிப்புகளைப் பேசிப் பதிவு செய்வார்கள். அந்தக் குரலை டைப்பம்மா ஹெட்போனில் கேட்டுத் தட்டச்சு செய்வார். மேசைக்கு அடியில் ஒரு மிதிகட்டை இருக்கும். முன்பாதத்தால் அழுத்தினால் குரல் ஓடும், காலை எடுத்தால் நிற்கும், குதிகாலால் அழுத்தினால் இரண்டு சொல் பின்னுக்கு வரும். முதலில் கேசட்டுகள் வந்தன, பின்னர் பென்டிரைவ். மருத்துவமனை ஊழியர் ஒருவர் காலையில் கொண்டுவந்து கொடுத்து, மாலையில் அச்சிட்ட தாள்களை வாங்கிச் செல்வார். ஒவ்வோர் அறிக்கையின் அடியிலும் தட்டச்சு செய்தவரின் முதலெழுத்தும் தேதியும் இருக்க வேண்டும் என்பது அந்தத் தொழிலின் விதி.

எங்கள் தெருவில் பாதிப் பேருடைய இரத்த அழுத்தமும் சர்க்கரையும் அவருடைய விரல்கள் வழியாகப் போயிருக்கும். ஆயினும் ஒருவரைப் பற்றி மற்றொருவரிடம் அவர் ஒரு சொல்லும் சொன்னதில்லை. மளிகைக்கடைக்காரர் ஒருமுறை சாமான் பொட்டலம் கட்டிக்கொண்டே வாயைக் கிளறிப் பார்த்தார்.

"அந்த டெய்லருக்கு ஏதோ பெரிய வியாதியாமே, டைப்பம்மா?"

"அப்படியா? தெரியாதே. உங்களுக்குத்தான் நாலு நாளா தொண்டை கட்டியிருக்கு போல. வெந்நீர் குடிங்க."

அவருடைய கணவர் பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவுக்கு இன்னமும் அவர் கண்டக்டர்தான். "என் பொண்டாட்டி வாய் பேங்க் லாக்கர் மாதிரி சார்," என்பார். "ஆனா சாவி ரெண்டும் அவகிட்டயே இருக்கு."

அப்படிப்பட்டவருக்கு நெருங்கிய தோழி என்று ஒருவர்தான் இருந்தார். தெருவில் மூன்று மாடி உள்ள ஒரே வீடு அவருடையது. அதனால் அவர் பெயர் மாடியம்மா. இருவரும் பதினேழு வயதில் ஒரே தட்டச்சுப் பயிற்சி நிலையத்தில் அடுத்தடுத்த இயந்திரத்தில் உட்கார்ந்தவர்கள். ஒருவரையொருவர் "டி" போட்டு அழைப்பதற்கு எங்கள் தெருவில் உரிமை பெற்றவர்கள் இவர்கள் மட்டுமே. மாலை ஐந்தரை மணிக்கு இருவரும் தெருவின் இந்த முனைக்கும் அந்த முனைக்குமாக நடப்பார்கள். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் மாடியம்மாவின் கணவர் காலமானபோதும், சில வாரங்களுக்குப் பிறகு அந்த நடை மீண்டும் தொடங்கிவிட்டது.

இந்த ஆண்டுத் தொடக்கத்தில் மருத்துவமனையிலிருந்து டைப்பம்மாவுக்கு ஒரு கடிதம் வந்தது. இரண்டு மாதங்களுக்குப் பின் வரும் முதல் தேதியிலிருந்து குரல் பதிவுகள் இணையம் வழியாக மட்டுமே அனுப்பப்படும். வீட்டில் பிராட்பேண்ட் இணைப்பு இருக்க வேண்டும். பிறர் காதில் விழாதபடி, சொந்த வீட்டில் தனியறையில் வேலை செய்ய வேண்டும். அந்தத் தேதிக்குள் இயலாதவர்களின் பணி பிறருக்கு ஒதுக்கப்படும். கடிதத்தை என்னிடம் கொண்டுவந்து காட்டினார். "ஒதுக்கப்படும்" என்ற சொல்லின் மீது அவருடைய விரல் நின்றது.

"இதை விட்டா எனக்கு வேற எதுவும் தெரியாது சார். வயசு அம்பத்தேழு. புதுசா யாரு என்னைக் கூப்பிடப் போறாங்க?"

எங்கள் தெரு பள்ளத்தில் இருக்கிறது. கைப்பேசியில் பேச வேண்டுமானால்கூடத் தெருமுனை மேட்டுக்கு ஏற வேண்டும். கம்பி வடம் பதிக்கும் நிறுவனங்கள் எங்கள் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. விசாரித்ததில், கம்பியில்லாமல் இணைப்புத் தரும் சிறு கம்பெனி ஒன்று இருப்பது தெரிந்தது. உயரமான ஒரு மாடியில் அவர்கள் கம்பம் நடுவார்கள். கம்பத்தின் உச்சியில் உள்ள பெட்டியும் ஒவ்வொரு வீட்டுக் கூரையிலும் வைக்கும் தட்டும் ஒன்றையொன்று நேராகப் பார்க்க வேண்டும். பார்த்தால் இணைப்பு, இடையில் சுவர் வந்தால் இல்லை. ஆனால் பதினைந்து வீடுகள் கையெழுத்திட்டால்தான் கம்பம் நடுவோம் என்று கூறிவிட்டார்கள்.

இருபத்தாறு ஆண்டுகள் கதவைச் சாத்திக்கொண்டிருந்த அம்மையார் தெருவில் இறங்கினார். இரண்டு மணிக்கு வேலை முடிந்ததும் விண்ணப்பத் தாளோடு ஒவ்வொரு வாசலிலும் நின்றார்.

"இன்டர்நெட்டா? எங்க வீட்டுல இருக்கிற சண்டை போதாதா?" என்றார் பால்காரர் மனைவி.

"சண்டை போடுற நேரத்துல ஏதாவது பாத்துக்கிட்டு சும்மா இருப்பாங்க அக்கா. ஒரு கையெழுத்து போடுங்க."

டெய்லரிடம் மூன்று முறை போனார். அவர் மூன்று முறையும், "மத்தவங்க போட்டா நானும் போடறேன்," என்றார். நான்காம் முறை பதின்மூன்று கையெழுத்துகளைக் காட்டினார். டெய்லர் பதினான்காவதைப் போட்டார். பதினைந்தாவது இடத்தில் டைப்பம்மா தம் பெயரை எழுதினார். விருந்துக்கு அழைத்தவர் கடைசியில் உட்காருவதுதான் முறை என்றார்.

கம்பத்துக்கு இடம் தர மாடியம்மா ஒரு நொடியும் யோசிக்கவில்லை. "கேட்கணுமாடி? என் மாடி உன் மாடி இல்லையா?" என்றார்.

கம்பெனிக்காரர் கம்பம் நட வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கண்ணாடி அணிந்த, நடுத்தர வயதுக்காரர், அதிகம் பேசாதவர். அன்று டைப்பம்மாவால் வர இயலவில்லை. பழைய முறை முடிவதற்குள் நிலுவையைத் தீர்க்க வேண்டுமென்று மருத்துவமனை இரட்டிப்பாக வேலை அனுப்பியிருந்தது. மாடியில் நாங்கள் ஏழெட்டுப் பேர் இருந்தோம்.

"முன்பக்க மூலையில நட்டா பதினஞ்சு வீடும் தெரியும்மா," என்றார் கம்பெனிக்காரர்.

"முன்பக்கமா?" என்றார் மாடியம்மா. "போன மாசம்தான் பெயின்ட் அடிச்சேன். வர்றவங்க கண்ணுல முதல்ல கம்பம்தான் படும். பின்பக்கம் வைங்க."

"பின்பக்கம் வச்சா இந்த மாடிப்படி ரூமு மறைக்கும். ஒரு வீடு அடிபட்டுப் போயிடும்."

"எந்த வீடு?"

அவர் கைப்பிடிச் சுவரோரம் போய் நின்று கையை நீட்டினார். "அதோ, தகரக் கூரை போட்டிருக்கே, அது."

மாடியம்மா அந்தக் கூரையைப் பார்த்தார். நாங்களும் பார்த்தோம்.

"அது நம்ம டைப்பம்மா வீடு. நம்ம ஆளுதான். அவ ஒண்ணும் சொல்ல மாட்டா. நீங்க வைங்க."

பால்காரர் வானத்தைப் பார்த்தார். டெய்லர், "வெயில் ஏறுது," என்றார். நான் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்தேன். வீட்டுக்கு உரியவர் சொல்கிறார், அவர் தோழியிடம் அவரே சொல்லிக்கொள்வார் என்று எண்ணினேன். எண்ணினேன் என்று இப்போது எழுதுகிறேன். அப்போது எண்ணினேனா என்பது எனக்கே உறுதியில்லை. கம்பம் பின்பக்க மூலையில் நடப்பட்டது.

அடுத்த பத்து நாள்களில் வீடு வீடாகத் தட்டுகள் ஏறின. எங்கள் வீட்டிலும் ரவுட்டர் என்னும் சிறு பெட்டியை அலமாரி மேல் வைத்தார்கள். நான்கு பச்சை விளக்குகள் எரிந்தன. தெருவே டைப்பம்மாவைப் பாராட்டியது. நான் அவரைத் தெருவில் கண்டால் செய்தித்தாளைப் பற்றிப் பேசினேன்.

அவருடைய வீட்டின் முறை கடைசியாக வந்தது. அன்று நடந்ததைக் கண்டக்டர் என்னிடம் பின்னர் விவரித்தார். டைப்பம்மா முந்தைய நாளே முன்னறையைக் கழுவி, மேசையைச் சுவரோரம் நகர்த்தி, எலக்ட்ரீஷியனை அழைத்துப் புதிய பிளக் வைத்திருந்தார். பாஸ்வேர்டுக்காகப் பன்னிரண்டு எழுத்துகளைத் தாளில் எழுதி, மனப்பாடம் செய்து, தாளைக் கிழித்தும் போட்டுவிட்டார்.

கம்பெனிக்காரர் கூரையின் வடக்கு ஓரத்தில் தட்டை வைத்துப் பார்த்தார். தெற்கு ஓரத்தில் வைத்துப் பார்த்தார். சமையலறைச் சுவரின் மேல் வைத்துப் பார்த்தார். ரவுட்டரில் ஒரு விளக்கு மட்டும் சிவப்பாக எரிந்தது.

"என்னங்க, சிவப்பு லைட்டுல வண்டி போகாதே," என்றார் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த கண்டக்டர்.

"போகாதுங்க. அன்னிக்கே சொன்னேனே."

"யார்கிட்ட?" டைப்பம்மா கேட்டார்.

"மாடி வீட்டம்மாகிட்ட. பின்பக்கம் நட்டா உங்க வீடு மறையும்னு. அவங்கதான், நம்ம ஆளு, ஒண்ணும் சொல்ல மாட்டாங்கன்னாங்க. உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன். லிஸ்ட்ல பேர் இருக்கிறதால வந்து பாத்துட்டு, கிடைக்கலைன்னு எழுதிட்டுப் போகணும்."

"கூரை மேல உயரமா ஒரு பைப் நட்டா?"

"இருபதடி வேணும். இந்தத் தகரம் தாங்காதும்மா. கம்பத்தை முன்னாடி மாத்தினா ஒரு நாள் வேலை. இல்லைன்னா வேற மாடியில ரெண்டாவது கம்பம். அதுக்கு மறுபடி மனு, மூணு மாசம்."

முதல் தேதிக்கு எட்டு நாள்கள் இருந்தன. "வெண்ணெய் திரண்டு வர்றப்ப தாழி உடைஞ்சுது சார்," என்றார் கண்டக்டர். "ஆனா உடைச்சது யாருன்னு பாருங்க."

மாலை டைப்பம்மா என் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை.

"சார், என்கூடக் கொஞ்சம் மாடி வீட்டுக்கு வரணும். நான் தனியாப் பேசினா சண்டையாயிடும். நீங்க பெரியவங்க. நாலு வார்த்தை பதமாச் சொன்னீங்கன்னா கம்பத்தை மாத்திடுவா. அவளுக்கு விவரம் புரியாமப் போயிருக்கும்."

அன்று மாடியில் நானும் இருந்தேன் என்று சொல்வதற்கு அதைவிடப் பொருத்தமான வேளை இல்லை. நான் செருப்பை மாட்டிக்கொண்டேன்.

மாடியம்மாவின் கூடத்தில் ரவுட்டர் நான்கு விளக்கோடு சுவரில் இருந்தது. எங்களைக் கண்டதும் அவர் தொலைக்காட்சியை அணைத்தார்.

"வாடி. சார், உட்காருங்க. டீ போடட்டுமா?"

"டீ வேண்டாம். கம்பத்தை முன்னாடி மாத்தணும்டி. எனக்கு வரல."

"தெரியும். அதுக்கென்ன? மேல் ரூம் காலியாத்தானே கிடக்கு. மெஷினைத் தூக்கிட்டு வந்துடு. இங்கேயே உக்காந்து அடி. நேரத்துக்கு டீ வரும்."

"சொந்த வீட்டுலதான் செய்யணும். அடுத்தவங்க காதுல விழக்கூடாது. உனக்குத் தெரியாதா?"

"நான் அடுத்தவளா?"

"இந்த விஷயத்துல எல்லாரும் அடுத்தவங்கதான்."

மாடியம்மா கையிலிருந்த ரிமோட்டை மேசைமேல் வைத்தார். பிறகு, குரலை உயர்த்தாமலே சொன்னார்.

"ஆமாடி. அது எனக்கு ஒன்பது வருஷமாத் தெரியும். அவரோட ரிப்போர்ட் இன்னும் பீரோவுல இருக்கு. அடியில உன் எழுத்து, பக்கத்துல தேதி. வியாழக்கிழமை. டாக்டர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னது ஞாயித்துக்கிழமை. நடுவுல மூணு நாள். மூணு நாளும் என்கூட நடந்த. திரைச்சீலைக்கு எந்தக் கலர் எடுக்கலாம்னு என்கிட்டக் கேட்ட."

டைப்பம்மா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். "சொல்லக் கூடாதுடி. அது என் வேலை."

"வெள்ளிக்கிழமை ராத்திரி அவரோட சண்டை போட்டேன். ஒரு குடையைத் தொலைச்சிட்டு வந்தார்னு. சாப்பிடாமப் படுத்துட்டார். தெரிஞ்சிருந்தா போட்டிருப்பேனா?"

"ஒன்பது வருஷம் என்கூட நடந்தியே. ஒரு நாள் கேட்டிருக்கலாமேடி!"

"நீயாச் சொல்லுவேன்னு பாத்தேன். அன்னிக்கு நீ ஒண்ணும் சொல்லல. இன்னிக்கு நான் ஒண்ணும் சொல்லல. அவ்வளவுதான்."

அழைத்து வரப்பட்ட கடமைக்காக நான் வாயைத் திறந்தேன். "அம்மா, பழைய மனத்தாங்கல் இருக்கட்டும். ஒருத்தருடைய பிழைப்பு..."

"நீங்க பேசாதீங்க சார்," என்றார் மாடியம்மா. "அந்த ஆளு இவ வீட்டைக் கை காட்டினப்ப என் பக்கத்துலதானே நின்னீங்க? பிழைப்பு போகும்னு அன்னிக்குத் தெரியலையா? கண்ணாடியைத் துடைச்சிக்கிட்டு நின்னீங்க. பால்காரர், டெய்லர், எல்லாரும்தான். ஒரு வாய் திறந்துச்சா? ஒருத்தர் வேண்டாம்னு சொல்லியிருந்தாலும் நான் முன்பக்கமே வச்சிருப்பேன்."

டைப்பம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். வசைபாடுவார் என்று எதிர்பார்த்தேன். வசை வந்திருந்தால் எளிதாக இருந்திருக்கும். அவர் என் முகத்தைப் படித்துக்கொண்டிருந்தார். சரியாகக் கேட்காத சொல்லுக்காகப் பதிவைப் பின்னுக்கு ஓட்டிக் கேட்கும்போது அவர் முகம் இப்படித்தான் இருக்கும் போலும். பிறகு படியிறங்கிப் போய்விட்டார்.

அதற்குப் பின் அவர் எவரிடமும் எதையும் கேட்கவில்லை. கண்டக்டர் மட்டும் விடவில்லை. சவுக்குக் கழி ஒன்றை வாங்கிவந்து, வீட்டின் பக்கச் சுவரோடு சேர்த்துக் கட்டி, கம்பெனிக்காரரிடம் கேட்டு வாங்கிய தட்டை அதன் உச்சியில் பொருத்தினார். இரண்டு விளக்குகள் எரிந்தன. காற்றடித்ததும் கழி ஆடியது, விளக்குகள் அணைந்தன. காற்று நின்றால் எரிந்தன. மருத்துவமனை சோதனைக்காக அனுப்பிய பதிவு பாதி வந்து அறுந்தது. மறுபடி அனுப்பினார்கள், மறுபடி அறுந்தது. மூன்றாம் நாள் அவர்கள் மரியாதையாக ஒரு கடிதம் எழுதினார்கள். அவருடைய நீண்ட பணியைப் பாராட்டி, மிதிகட்டையையும் ஹெட்போனையும் அலுவலகத்தில் ஒப்படைக்கும்படி கேட்டிருந்தார்கள்.

அந்த வாரம் நானும் சும்மா இருக்கவில்லை. கம்பத்தை முன்பக்கம் மாற்றக் கோரி ஒரு மனு எழுதினேன். தேதி, வீட்டெண், காரணம் எல்லாம் முறையாக இருந்தன. பன்னிரண்டு வீடுகளில் கையெழுத்து வாங்கினேன். ஒவ்வொரு வாசலிலும் ஒரே பேச்சுத்தான்: "நீங்களே அன்னிக்கு ஒண்ணும் சொல்லலையே சார், அதனாலதான் நாங்களும்..."

முதல் தேதி காலை, டைப்பம்மா துணிப்பை ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் இறங்கினார். பையின் வாயில் ஹெட்போனின் வளைவு தெரிந்தது. நான் மனுவோடு எதிரில் போனேன்.

"அம்மா, பன்னிரண்டு பேர் போட்டிருக்காங்க. இன்னிக்கே மாடியம்மாகிட்டக் கொடுக்கறேன். மறுக்க முடியாது."

அவர் தாளை வாங்கி, நின்ற இடத்திலேயே முழுவதையும் படித்தார்.

"நல்லா எழுதியிருக்கீங்க சார்," என்று திருப்பிக் கொடுத்தார். "வேலையை நேத்தே வேற ஒருத்தங்களுக்குக் கொடுத்துட்டாங்க. இனிமே கம்பம் எங்க இருந்தா எனக்கென்ன?"

"நடந்தது தப்புதான் அம்மா. மாடியம்மா செய்தது..."

"அவளை விடுங்க. அவளுக்கு ஒரு காரணம் இருந்துச்சு. சரியோ தப்போ, ஒன்பது வருஷம் மனசுல வச்சிருந்தா. எனக்குப் புரியுது." பையின் வாரைத் தோளில் ஏற்றிக்கொண்டார். "உங்களுக்கு என்ன காரணம் சார்?"

வெயில் என்று சொல்லலாம். அடுத்தவர் வீட்டு மாடி என்று சொல்லலாம். என் வீடு தெளிவாகத் தெரிந்தது, என் விளக்குகள் எரியும் என்று அறிந்துகொண்டேன், அதற்குமேல் பார்க்கவில்லை என்பதே உண்மை. அது வாய்வரை வரவில்லை.

அவர் உண்மையாகவே பதிலை எதிர்பார்த்து நின்றார். மேட்டில் பேருந்து திரும்பும் ஓசை கேட்டது. இன்னும் ஒரு கணம் நின்று பார்த்துவிட்டு, மேட்டை நோக்கி நடந்தார்.